பம்ப் சூடேறிய 11 நிமிடங்கள்: ஒரு நெசவாளரின் இதய அறுவையும் மூளையின் மீட்சியும்

58 வயது ஆண். ஆரணிப் பக்கத்துப் பட்டு நெசவாளர். பிறவியிலேயே கோளாறான வால்வு, அதற்கு மேலே வீங்கிய பெருந்தமனி. சித்திரைக் கடைசியில், கத்திரி வெயில் தொடங்கிய வாரத்தில், வட ஆற்காட்டுப் பகுதி மருத்துவமனை ஒன்றில் வால்வையும் தமனியின் வீங்கிய பகுதியையும் மாற்றினார்கள். அறுவை நல்லபடியாக முடிந்தது. மறுநாள் பேசினார், தண்ணீர் கேட்டார், மகளை அடையாளம் கண்டார். அதற்கடுத்த நாள் புத்தி தடுமாறியது. ஐந்தாம் நாள் தெளிந்தார் என்று டிஸ்சார்ஜ் தாளில் ஒரு வரி இருக்கிறது. தறியில் பழைய கை திரும்ப ஆறு மாதம் பிடித்தது என்பது எந்தத் தாளிலும் இல்லை.

அவருடைய மனைவி ஐசியூ வாசலில் கேட்ட கேள்விதான் இந்த ஆய்வுக்குக் காரணம். "ஐயா, இவரை ஐஸில் வைத்துத்தான் ஆபரேஷன் செய்தீர்களாமே. மூளை மரத்துப்போனது அதனால்தானே?" வார்டில் யாரோ சொல்லியிருக்கிறார்கள். சொன்னது பொய்யும் இல்லை. தலையைச் சுற்றி ஐஸ் பைகள் வைத்தது உண்மை, உடலை 25 டிகிரிக்குக் கொண்டுபோனதும் உண்மை. பணியில் இருந்தவர்கள் "பயப்படாதீர்கள் அம்மா, சரியாகிவிடும்" என்று வழக்கமான பதிலைச் சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

நான் இதய அறுவைகளுக்கு மயக்க மருந்து கொடுப்பவன். அன்று அந்தத் தியேட்டரில் நான் இல்லை. மாதாந்திரக் கலந்தாய்வுக்காகக் கோப்பை வாங்கி முழுக்கப் படித்தவன் என்ற முறையில் எழுதுகிறேன். ஆளை அடையாளம் காட்டக்கூடிய சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். கோப்பைப் படித்து முடித்தபோது தோன்றியது இதுதான்: வெப்பநிலையைச் சந்தேகித்ததில் அந்த அம்மாளிடம் தவறில்லை. குளிரை விட்டுவிட்டுச் சூட்டைச் சந்தேகித்திருக்க வேண்டும்.

நோயாளி

பதினான்கு வயதில் தறியில் உட்கார்ந்தவர். ஒரு வருடமாகக் குழித்தறியில் மிதிக்கும்போது மூச்சு வாங்கியது. எக்கோவில் பார்த்தபோது, மூன்று இதழ் இருக்க வேண்டிய பெருந்தமனி வால்வில் இரண்டே இதழ்கள். சுண்ணாம்பு படிந்து, திறப்பு 0.8 சதுர சென்டிமீட்டராகச் சுருங்கியிருந்தது. இப்படி இரண்டிதழ் வால்வோடு பிறந்தவர்களுக்குத் தமனிச் சுவரும் பலவீனமாக இருப்பது வழக்கம். சி.டி. ஸ்கேனில் ஏறுமுகப் பெருந்தமனி 5.7 சென்டிமீட்டர். வீக்கம் தமனி வளையும் இடத்தின் தொடக்கம் வரை போயிருந்தது. 5.5ஐத் தாண்டினாலே அறுவைக்குப் பேச வேண்டும். வால்வுக்காக எப்படியும் நெஞ்சைத் திறக்கப்போகிறவருக்கு 4.5 போதும். சர்க்கரை இல்லை. ரத்த அழுத்தத்துக்கு ஒரு மாத்திரை. கழுத்துத் தமனிகள் சுத்தம். கண்ணாடி அணிபவர், இடது காது சற்று மந்தம். இந்தக் கடைசி இரண்டையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், ஐசியூவில் இவற்றுக்கு வேலை வரும்.

அந்த மருத்துவமனை செய்த ஒரு நல்ல காரியத்தைச் சொல்ல வேண்டும். அறுவைக்கு முன்பே மோகா என்னும் அறிவாற்றல் சோதனையின் தமிழ் வடிவத்தை இவருக்கு வைத்திருந்தார்கள். 30க்கு 25. கடிகாரத்தைச் சரியாக வரைந்தார், ஐந்து சொற்களில் மூன்றை நினைவிலிருந்து சொன்னார். சோதித்தவர் தனியாக ஒன்றும் கேட்டுப்பார்த்திருக்கிறார்: பங்குனியிலிருந்து சித்திரை வரை மாதங்களைப் பின்னோக்கிச் சொல்லச் சொல்லியிருக்கிறார். தங்குதடையில்லாமல் சொன்னார் என்று ஓரத்தில் குறிப்பு இருக்கிறது. பல இடங்களில் இதைச் செய்வதில்லை. பிறகு "அவர் முன்பே கொஞ்சம் மறதிக்காரர்தான்" என்று மருத்துவமனையும், "கல்லுப் போல இருந்த மனிதர்" என்று குடும்பமும் ஆளுக்கொன்று சொல்லிக்கொண்டிருப்பார்கள். அறுவைக்கு முந்தைய எண் ஒன்று கையில் இல்லாமல் அந்தப் பேச்சு முடியாது.

குளிர வைப்பது எதற்கு

மூளை உடல் எடையில் ஏறக்குறைய 2 விழுக்காடு. உடல் செலவிடும் ஆக்ஸிஜனில் அதன் பங்கு 20 விழுக்காடு. கையிருப்பு என்று அதனிடம் ஒன்றும் கிடையாது. 37 டிகிரியில் ரத்த ஓட்டம் நின்றால் நாலைந்து நிமிடத்தில் நரம்பணுக்கள் சேதமடையத் தொடங்கிவிடும். வெப்பநிலை ஒரு டிகிரி இறங்கினால் மூளையின் ஆக்ஸிஜன் தேவை 6 முதல் 7 விழுக்காடு குறையும். 28 டிகிரியில் தேவை பாதிக்கு வந்துவிடும். 18 டிகிரிக்கு இறக்கினால் அரை மணி நேரத்தை ஒட்டி ஓட்டத்தையே நிறுத்திவைத்தும் பெரும்பாலோரைச் சேதமில்லாமல் திருப்பிக் கொண்டுவர முடிகிறது.

இதய அறுவை பிறந்ததே இந்தக் கணக்கில்தான். டொரன்டோவில் வில்ஃப்ரெட் பிகெலோ நாய்களைக் குளிர வைத்து இதயத்தை நிறுத்திப் பார்த்து 1950இல் எழுதினார். 1952 செப்டம்பர் 2ஆம் தேதி மினசோட்டாவில் ஜான் லூயிஸ் ஐந்து வயதுச் சிறுமி ஒருத்தியின் உடலைக் குளிர வைத்து இதயத்தின் ஓட்டையை அடைத்தார். இதய-நுரையீரல் இயந்திரம் (அறுவையின்போது அந்த இரண்டின் வேலையையும் செய்யும் 'பம்ப்') அப்போது இன்னும் கைக்கு வரவில்லை. ஜான் கிப்பன் அதை வைத்து முதல் வெற்றி கண்டது 1953 மே 6இல். நம் வேலூரில், கிறித்துவ மருத்துவக் கல்லூரியில், இந்தியாவின் முதல் வெற்றிகரமான திறந்த இதய அறுவை நடந்தது 1961இல். பெருந்தமனி வளைவை மாற்றும் அறுவைக்கு ஆழ்ந்த குளிரை ஒரு முறையாக நிலைநிறுத்தியவர் ராண்டல் கிரீப், அது 1975.

வளைவில் கை வைக்கும்போது ஏன் ஓட்டத்தை நிறுத்த வேண்டும்? மூளைக்குப் போகும் தமனிகள் அந்த வளைவிலிருந்துதான் கிளம்புகின்றன. அங்கே கவ்வி போட்டுக்கொண்டு தைக்க இடம் கிடையாது. திறந்தால் திறந்ததுதான்.

குளிருக்கும் விலை உண்டு. ரத்தம் உறைவது கெடும், குளிர வைக்கவும் சூடேற்றவும் நேரம் போகும், பம்பில் இருக்கும் நேரம் நீளும். அதனால் இன்று பல இடங்களில் 18 வரை போவதில்லை. 24 முதல் 28 டிகிரி வரை இறக்கி, கீழ் உடலுக்கு மட்டும் ஓட்டத்தை நிறுத்தி, மூளைக்குத் தனியாக ஒரு சிறு ஓட்டத்தைத் தொடர்ந்து கொடுக்கிறார்கள். இந்த முறையில் ஆழ்ந்த குளிரையும் மிதமான குளிரையும் ஒப்பிட்ட அமெரிக்க ஆய்வு ஒன்று 2023இல் வெளிவந்தது, 308 பேர். நான்காம் வாரத்தில் மொத்த அறிவாற்றலைப் பார்த்தபோது மிதமான குளிரில் அறுவை செய்தவர்கள் மோசமாக இல்லை. அப்படியென்றால் 25 டிகிரி என்பது இவருக்குத் தேர்ந்தெடுத்த தவறான எண் இல்லை. நானாக இருந்தாலும் அதைத்தான் வைத்திருப்பேன்.

பம்ப் பதிவேடு

வலது அக்குள் தமனி வழியாக இயந்திரத்தின் ரத்தத்தை உடலுக்குள் விட்டார்கள். இதை எல்லோரும் விரும்புவதற்குக் காரணம் இருக்கிறது. வளைவைத் திறந்த பிறகும் அதே குழாய் வழியாக வலது கழுத்துத் தமனிக்கும் மூளைக்கும் ரத்தம் விடலாம். இதே வசதியால் வரும் தொந்தரவைக் கீழே பார்ப்போம்.

36.1இலிருந்து 25 டிகிரிக்கு இறக்க 34 நிமிடங்கள். உடலிலிருந்து வரும் ரத்தத்துக்கும் இயந்திரத்திலிருந்து போகும் ரத்தத்துக்கும் உள்ள வெப்ப வித்தியாசம் 9 டிகிரியைத் தாண்டவில்லை. 10க்குள் இருக்க வேண்டும் என்பது விதி. வித்தியாசம் கூடினால் ரத்தத்தில் கரைந்திருக்கும் வாயு குமிழியாகப் பிரியும். வளைவைத் தைக்கக் கீழ் உடல் ஓட்டத்தை நிறுத்தியது 19 நிமிடம். அந்த நேரம் முழுக்க மூளைக்கு நிமிடத்துக்கு ஏறக்குறைய 600 மில்லி, அதாவது ஒரு கிலோ எடைக்கு 10 மில்லி. நெற்றியில் ஒட்டிய உணரிகள் மூளையின் ஆக்ஸிஜன் நிறைவைக் காட்டின: வலது பக்கம் அசையவில்லை, இடது பக்கம் 62இலிருந்து 51க்கு இறங்கியது. வலது வழியாக விடும் ரத்தம் இடதுக்குப் போய்ச் சேர மூளையின் அடியிலுள்ள தமனி வளையம் வழிவிட வேண்டும். பலருக்கு அந்த வளையம் முழுமையாக இருப்பதில்லை. 20 விழுக்காட்டுக்கு மேல் இறங்கினால் இடதுபுறத்துக்கும் தனிக் குழாய் போடுவார்கள். இவருக்கு 18 விழுக்காட்டோடு நின்றது. போடவில்லை. விதிப்படி சரிதான்.

ஓட்டம் திரும்பியதும் 25இலிருந்து 28க்கு ஒன்பது நிமிடத்தில் ஏற்றினார்கள். அதற்குப் பிறகு ஒரு வரி: "28இல் வைக்கவும்". 35 நிமிடம் அப்படியே இருந்தது. அறுவை மருத்துவர் வால்வைத் தைத்துக்கொண்டிருந்தார். குளிர்ந்த உடல் பத்திரம் என்று எல்லோருக்கும் ஒரு நிம்மதி. கடைசித் தையல் நெருங்கியபோதுதான் "சூடேற்றுங்கள்" என்ற சொல் வந்தது. அப்போது எல்லோருக்கும் அவசரம். 28இலிருந்து 36.9க்கு 16 நிமிடம்.

இந்த 16 நிமிடத்தை நிமிடம் நிமிடமாகப் படித்தேன். நான்கு இடங்களில் வெப்பநிலை பதிவாகியிருக்கிறது. மூக்குத்தொண்டை, சிறுநீர்ப்பை, உடலிலிருந்து இயந்திரத்துக்கு வரும் குழாய், ரத்தத்தில் ஆக்ஸிஜன் ஏற்றும் ஆக்ஸிஜனேட்டரிலிருந்து உடலுக்குப் போகும் குழாய். உச்சத்தில் இருந்த ஒரு நிமிடத்தின் வரிசை இப்படி: சிறுநீர்ப்பை 33.6, வரும் குழாய் 32.3, போகும் குழாய் 37.9. வித்தியாசம் 5.6. போகும் குழாய் 37ஐத் தாண்டி நின்றது மொத்தம் 11 நிமிடம்.

அந்தப் பிரிவில் ஒரு வாய்மொழி விதி இருந்தது: சிறுநீர்ப்பை 36 ஆகாமல் பம்பிலிருந்து இறங்கக் கூடாது. எனவே பம்பை இயக்கும் பெர்ஃபியூஷனிஸ்ட்டின் கண் சிறுநீர்ப்பை எண்ணில் இருந்தது. அது ஏறவே இல்லை. ஏறாது. கால்களும் இடுப்பும் குளிர்ந்து கிடக்கின்றன, சிறுநீரும் அப்போது குறைவு. அந்த எண் எப்போதும் கடைசியில் வந்து சேரும். அது ஏறவில்லையே என்று பம்பின் ரத்தத்தைச் சூடேற்றும் ஹீட்டர்-கூலரின் தண்ணீர்ச் சூட்டைக் கூட்டிக்கொண்டே போனார். கூட்டிய சூடு முழுதும் அக்குள் தமனி வழியாக நேரே எங்கே போகும்? மூளைக்கு. அந்தக் குழாயின் சூட்டை முதலில் வாங்குவது அதுதான்.

அமெரிக்காவில் நெஞ்சக அறுவை மருத்துவர்கள், இதய மயக்கவியல் மருத்துவர்கள், பெர்ஃபியூஷன் தொழில்நுட்பர்கள் ஆகியோரின் மூன்று சங்கங்கள் சேர்ந்து 2015இல் வெளியிட்ட வழிகாட்டுதல் இதைப் பற்றியதுதான். மூளைக்கு நெருக்கமான அளவுகோல் ஆக்ஸிஜனேட்டரிலிருந்து வெளியேறும் ரத்தத்தின் வெப்பநிலை. அதுவும் மூளைக்குப் போகும் ரத்தத்தின் சூட்டைக் குறைத்தே காட்டும் என்று வைத்துக்கொள்ள வேண்டும். அது 37ஐத் தொடக் கூடாது. 30 டிகிரிக்கு மேல் சூடேற்றும்போது வித்தியாசம் 4 டிகிரிக்குள், வேகம் நிமிடத்துக்கு அரை டிகிரிக்குள். இவருடைய தாளில் மூன்றும் மீறப்பட்டிருக்கின்றன. கொஞ்சமாகத்தான், ஆனால் மூன்றும் ஒரே நேரத்தில்.

இதைப் பெர்ஃபியூஷனிஸ்ட்டின் தலையில் கட்டுவது எளிது. கலந்தாய்வில் ஒருவர் அதைத்தான் செய்தார். எனக்கு அது நியாயமாகப் படவில்லை. தவறான இடத்தைப் பார்க்கச் சொன்னது பிரிவின் விதி. 35 நிமிடத்தைச் சும்மா விட்டது தியேட்டரின் திட்டம். கடைசி 16 நிமிடம் அவர் கையில் மிஞ்சியது, அவ்வளவுதான்.

ஐசியூவில்

அறுவை முடிந்து 14 மணி நேரத்தில் வென்டிலேட்டர் குழாயை எடுத்தார்கள். கை கால் அசைவு சமம். இரவில் காய்ச்சல். நர்ஸ் அக்குளில் வைத்துப் பார்த்து 38.2 என்று எழுதியிருக்கிறார், பாராசிட்டமால் கொடுத்திருக்கிறார். சிறுநீர்ப்பை உணரியின் ஒயர் இன்னும் உடலில்தான் இருந்தது. மானிட்டரில் சொருகவில்லை. அதிகாலை 2 மணிக்கு யாரோ சொருகிப் பார்த்தபோது 39.1.

இதய அறுவைக்குப் பிறகு முதல் ஓரிரு நாள் காய்ச்சல் வருவது சாதாரணம். ரத்தம் இயந்திரத்தின் பிளாஸ்டிக்கைத் தொட்டு ஓடியதற்கு உடல் காட்டும் அழற்சி அது. பெரும்பாலும் கிருமியால் வருவதில்லை. இவருடைய ரத்தப் பரிசோதனையிலும் கிருமி வளரவில்லை. சாதாரணம் என்பதாலேயே யாரும் அதைப் பொருட்படுத்துவதில்லை. அங்கேதான் எனக்குச் சண்டை.

அன்று மாலை பார்வை நேரத்தில் மருமகன் வீட்டிலிருந்து கம்பளிப் போர்வையும் மஃப்ளரும் கொண்டுவந்திருந்தார். வெளியே கத்திரி வெயில்; உள்ளே இவர்கள் மாமனாரின் தலையையும் காதையும் மூடிப் போர்த்திவிட்டுப் போனார்கள். ஐஸில் வைத்த உடம்புக்குச் சூடு வேண்டும் என்ற எண்ணம். கழற்றச் சொல்ல நர்ஸுக்கு மனம் வரவில்லை.

மறுநாள் பகலில் குழப்பம் தொடங்கியது. கத்தவில்லை, குழாய்களைப் பிடுங்கவில்லை. படுக்கை விரிப்பின் ஓரத்தில் ஒரு நூலை நகத்தால் பிரித்தெடுத்து, இரண்டு விரலுக்கிடையே உருட்டி, அறுந்த பாவு இழையை முடிபோடுவது போல முடிபோட்டுக்கொண்டிருந்தார். முடி விழவில்லை. மறுபடி பிரிப்பார், மறுபடி உருட்டுவார். மகள் "அப்பா, நான் வந்திருக்கிறேன்" என்றபோது நிமிர்ந்து பார்த்து, "நாடாவை யார் எடுத்தது?" என்று கேட்டார். தறியில் ஊடை இழையைக் குறுக்கே கொண்டுபோகும் கட்டைதான் நாடா. நர்ஸ் கவனச் சோதனை வைத்தார்: எழுத்துகளை ஒவ்வொன்றாகச் சொல்லுவார், 'க' வரும்போது மட்டும் கையை அழுத்த வேண்டும். எல்லா எழுத்துக்கும் அழுத்தினார், பிறகு எதற்குமே அழுத்தவில்லை. "ஜன்னி கண்டுவிட்டது" என்றார் மனைவி. மருத்துவக் கோப்பில் டெலிரியம் என்று எழுதப்பட்டது.

சி.டி. ஸ்கேனில் ரத்தக்கசிவு இல்லை. உப்புச்சத்து, சர்க்கரை, ஆக்ஸிஜன் எல்லாம் சரி. செய்தவை எளிய காரியங்கள்: போர்வையை எடுத்தார்கள், பாராசிட்டமாலை நேரம் தவறாமல் கொடுத்தார்கள், ஈரத்துணியும் விசிறியுமாகக் காய்ச்சலை 37.5க்குக் கீழே பிடித்தார்கள். இரவில் தூங்கக் கொடுத்த மிடசோலத்தை நிறுத்தினார்கள்; அந்த வகை மருந்து டெலிரியத்தைக் கூட்டும். தலைமாட்டு அலமாரியில் கிடந்த கண்ணாடியை மகள்தான் தேடி எடுத்து மாட்டினார். இடது காதுப் பக்கம் நின்று பேசிக்கொண்டிருந்தவர்களை வலது பக்கம் வரச் சொன்னார்கள். பகலில் நாற்காலியில் உட்கார வைத்தார்கள். ஐந்தாம் நாள் காலையில் மனைவியைப் பார்த்து, காபி எங்கே என்று கேட்டார்.

தற்காலிக பேஸ்மேக்கர் ஒயர்களை ஆறாம் நாள் எடுத்த பிறகு எம்.ஆர்.ஐ. எடுக்க முடிந்தது. மூளையின் இடது பின்பகுதியில் மிளகு அளவில் இரண்டு வெள்ளைப் புள்ளிகள்.

எது காரணம்

அந்தப் புள்ளிகள் வந்ததும் கலந்தாய்வில் பலருக்கு நிம்மதி. "தமனியிலிருந்து துகள் போயிருக்கிறது, வெப்பநிலைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை" என்றார் ஒருவர். சுண்ணாம்பு படிந்த வால்வை அறுத்தெடுக்கும்போது துகள் போவது உண்மை. பெருந்தமனி அறுவை முடிந்தவர்களை எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்தால் இப்படிப்பட்ட புள்ளிகள் பலருக்குத் தெரியும். அவர்களில் பெரும்பாலோருக்கு வெளியே ஒன்றும் தெரியாது. இடது பக்கம் ஆக்ஸிஜன் நிறைவு இறங்கியிருந்ததையும் சேர்த்தால் கதை முடிந்துவிட்டதாகத் தோன்றும்.

எனக்கு முடியவில்லை. துகள் போய் அடைத்த இடத்தில் எவ்வளவு சேதம் என்பதை வெப்பநிலை தீர்மானிக்கிறது. மயாமியில் 1987இல் எலிகளில் செய்த ஆய்வு இதற்கு அடித்தளம்: ரத்த ஓட்டம் தடைபட்ட நேரத்தில் மூளையின் வெப்பநிலையில் இரண்டு மூன்று டிகிரி வித்தியாசமே நரம்பணுக்கள் பிழைப்பதற்கும் சாவதற்கும் இடையிலான வித்தியாசமாக இருந்தது. சூட்டில் அடிபட்ட நரம்பணு குளுட்டமேட் என்னும் வேதிப்பொருளை அதிகமாகக் கொட்டும், பக்கத்து அணுவையும் கெடுக்கும். சூடேறும் நிமிடங்களில் இன்னொரு நெருக்கடியும் உண்டு. மூளையின் தேவை வேகமாக ஏறும், ஓட்டம் அதே வேகத்தில் ஏறாது. கழுத்துச் சிரையில் திரும்பி வரும் ரத்தத்தை எடுத்துப் பார்த்தால் ஆக்ஸிஜன் வற்றியிருக்கும். கெட்டுப்போகும் பாலைக் குளிர்ப்பெட்டியிலிருந்து எடுத்து வெயிலில் வைத்தது போலத்தான்: குளிர் கெடுக்கவில்லை, தாமதப்படுத்திக் காத்தது, வெயில் வேலையை முடித்தது.

மனிதர்களில் என்ன தெரிகிறது? வட கரோலினாவின் டியூக் பல்கலைக்கழகக் குழு 2001இல் சொன்னது: பைபாஸ் முடிந்து வீடு திரும்பும்போது 53 விழுக்காட்டினருக்கும் ஆறாம் மாதத்தில் 24 விழுக்காட்டினருக்கும் அறிவாற்றலில் சரிவு. அதே ஆண்டில் ஒட்டாவாவில் ஒரு சோதனை. பைபாஸ் நோயாளிகளைக் குளிர வைத்து, ஒரு பாதியை 37 வரையும் மறுபாதியை 34 வரையும் மட்டும் சூடேற்றினார்கள். ஒரு வாரம் கழித்து 37 வரை போனவர்களில் 62 விழுக்காட்டினருக்குச் சரிவு, 34இல் நிறுத்தியவர்களில் 48. இரண்டு கூட்டத்தாரும் குளிர்ந்தவர்கள்தான் என்பதைக் கவனியுங்கள். மாறியது சூடேற்றல் மட்டும். 2002இல் டியூக் குழுவே மெதுவாகச் சூடேற்றியவர்களுக்கு ஆறாம் வாரத்தில் நல்ல பலன் இருந்ததையும், அறுவைக்குப் பிந்தைய காய்ச்சலின் உச்சம் கூடக்கூட ஆறாம் வார அறிவாற்றல் குறைந்ததையும் தனித்தனியே வெளியிட்டது.

எதிர்வாதத்தையும் சொல்ல வேண்டும். குளிர் மந்திரம் இல்லை. இதயம் நின்று உயிர் மீண்டவர்களைக் குளிர வைக்க 2002இல் இரண்டு ஆய்வுகள் வழிகாட்டின. 2013இலும் 2021இலும் வந்த பெரிய ஆய்வுகளில் 33 டிகிரிக்குக் குளிர வைத்ததால் கூடுதல் பலன் கிடைக்கவில்லை. 2021இன் ஒப்பீட்டுக் குழுவுக்குச் செய்தது என்ன? காய்ச்சல் வராமல் பார்த்துக்கொண்டார்கள். இதய அறுவையிலிருந்து வேறுபட்ட நிலைமைதான். இருந்தாலும் அதையும் என் பக்கத்துச் சாட்சியாகவே படிக்கிறேன்.

ஒரு நோயாளியை வைத்துக்கொண்டு 11 நிமிடம்தான் காரணம் என்று யாரும் நிரூபிக்க முடியாது. துகள் விதைத்தது, சூடேற்றல் தண்ணீர் விட்டது, காய்ச்சலும் மிடசோலமும் காணாமல்போன கண்ணாடியும் சேர்ந்து வளர்த்தன என்பது என் தீர்ப்பு. இவற்றில் துகளைத் தடுப்பது நம் கையில் பாதிதான் இருக்கிறது. மற்றவை முழுதும் நம் கையில்.

டிஸ்சார்ஜுக்கு முன் மனைவியையும் மகளையும் உட்கார வைத்து இதையெல்லாம் விளக்கினோம். மனைவி கேட்டது: "அப்படியென்றால் போர்வையை நாங்கள் போர்த்தியதும் தப்பா?" போர்வையின் பங்கு சிறியது, காய்ச்சலைச் சரியாக அளந்து கவனித்திருக்க வேண்டியது வார்டுதான் என்று சொன்னோம். அதுதான் உண்மையும். கூடவே வீட்டுக்கான பேச்சும் நடந்தது. ஆரணி வெயிலில், ஓட்டு வீட்டில், தலையைக் கட்டிப் போர்த்த வேண்டாம். தெர்மாமீட்டர் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். 38ஐத் தாண்டினால் மருந்துக்கடையில் ஆன்டிபயாட்டிக் வாங்கி விழுங்காமல் எங்களைக் கூப்பிடுங்கள். செயற்கை வால்வு வைத்தவருக்குக் காய்ச்சல் என்றால் வால்வில் கிருமி இருக்கிறதா என்று முதலில் ரத்தம் எடுத்துப் பார்க்க வேண்டும்.

மீட்சி

வீட்டுக்குப் போகும்போது மோகா 19. ஆறாம் வாரத்தில் 22. மாதங்களைப் பின்னோக்கிச் சொல்லும்போது மார்கழியில் நின்றுவிட்டார், கார்த்திகைக்கு வரவில்லை.

எண்களைவிட மகள் சொன்னதுதான் எனக்குப் பயன்பட்டது. ஆடியில் தறியில் உட்கார்ந்தார். சேலையின் உடல் பகுதியை நெய்வதில் சிக்கல் இல்லை. மிதியும் கையும் தாமாகப் போயின. புட்டா என்னும் பூ வேலைப்பாடு வரும் இடத்தில்தான் தடுமாற்றம். எத்தனை ஊடைக்கு ஒரு புட்டா என்று வாய்விட்டு எண்ணிக்கொண்டே நெய்தார், யாராவது இடையில் பேசினால் எண்ணிக்கை போய்விடும், பிரித்து மறுபடி நெய்ய வேண்டும். பழகிய வேலை கெடவில்லை. ஒரு எண்ணிக்கையை மனதில் பிடித்துக்கொண்டே இன்னொன்றைச் செய்யும் திறன் கெட்டிருந்தது. பம்புக்குப் பின் வரும் அறிவாற்றல் சரிவு பெரும்பாலும் இந்த வடிவில்தான் வரும். அலுவலகக்காரருக்கு அது "கொஞ்சம் மறதி"யாகப் போய்விடும். கூலிக்கு நெய்பவருக்கு ஒரு சேலைக்கு இத்தனை நாள் என்ற கணக்கில் நேராக இடிக்கும்.

ஐப்பசியில் ஆறு மாதச் சோதனை. 25. பங்குனியிலிருந்து சித்திரை வரை முழுதும் சொன்னார். புட்டாவை இப்போது வாய்விட்டு எண்ணுவதில்லை என்றார் மகள்.

பிரிவில் மாறியவை

ஆக்ஸிஜனேட்டரிலிருந்து போகும் குழாய்க்கு 36.8இல் அலாரம் வைத்தார்கள். பம்பிலிருந்து இறங்க மூக்குத்தொண்டை 36 போதும். சிறுநீர்ப்பைக்காகக் காத்திருக்க வேண்டாம். மீதிக் குளிரை ஊதுகாற்றுப் போர்வையும் சூடான மெத்தையும் ஐசியூவில் பார்த்துக்கொள்ளும். வெப்பநிலை உணரியை முதல் 48 மணி நேரம் மானிட்டரிலிருந்து கழற்றக் கூடாது, 37.8இல் நர்ஸ் மருத்துவரைக் கூப்பிட வேண்டும்.

அறுவை மருத்துவர் எதிர்த்தார். அவர் சொன்னதில் சாரம் இருக்கிறது: மெதுவாகச் சூடேற்றினால் பம்ப் நேரம் இருபது நிமிடம் நீளும், அதுவும் மூளைக்குக் கெடுதல்தான். அரைகுறைச் சூட்டில் இறங்கினால் உடல் மறுபடி குளிர்ந்து ரத்தம் உறையாமல் கசியும், மார்பை மறுபடி திறக்க நேரிடும். இரண்டாவதற்குப் பதில் ஊதுகாற்றுப் போர்வையும், உறையும் திறனைப் படுக்கையருகே அளந்து ஏற்றும் பிளேட்லெட்டும். முதலாவதற்குப் பதில் இந்த நெசவாளரின் பம்ப் தாளிலேயே இருந்தது. வளைவைத் தைத்து முடித்த உடனே மெதுவாக ஏற்றத் தொடங்கியிருந்தால், வால்வு தைத்த அந்த 35 நிமிடத்திலேயே உடல் 28இலிருந்து 35ஐ ஒட்டி வந்திருக்கும், ஒரு நிமிடம்கூடக் கூடுதலாகாமல். அடுத்த வளைவு அறுவையில் அப்படிச் செய்து பார்க்க ஒப்புக்கொண்டார். அலாரத்தை 37க்கு ஏற்ற வேண்டும் என்ற கோரிக்கையை மட்டும் இன்னும் விடவில்லை.